ஊமைக்குளம் வீடு வீடாக வந்த தேர்தல்

நெடுமேட்டு நகராட்சியின் பதினான்காவது வார்டில் சின்னம் ஒதுக்கிய மறுநாள், காலை பதினோரு மணி வாக்கில், பால்காரர் போய் மீன்காரி வந்து தெரு ஒருமுறை சத்தம் போட்டு ஓய்ந்த நேரத்தில், முப்பது வருஷமாகக் குப்பைக்கடியில் கிடந்த ஊமைக்குளம் எழுந்து, குப்பைக் கிடங்குச் சாலையைக் கடந்து, ரேஷன் கடை முக்கில் திரும்பி, மேலத்தெருவுக்குள் நடந்து வந்தது.

உலகம்மாள்தான் அதை முதலில் பார்த்தாள். கவுன்சிலர் பதவிக்கு மூன்றாவது தடவையாக நிற்கிறவள். கட்சி கிடையாது, சுயேச்சை. சின்னம் முதல் தடவை தண்ணீர்க் குழாய், அடுத்த தடவை ஏணி, இந்தத் தடவை சீப்பு. இரண்டு தடவை தோற்றவளுக்கு மூன்றாவது தடவை தெருவில் இறங்கும்போது காலில் ஒரு கனம் வந்துவிடுகிறது; எந்த வீட்டுக்காரி எந்த இடத்தில் தலையாட்டுவாள், எந்த இடத்தில் அடுப்பில் பால் பொங்குகிறது என்று உள்ளே போவாள் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். பீடி சுற்றி ஐம்பத்து மூன்று வயதான கை, சீப்புப் படம் போட்ட நோட்டீஸை நீட்டி நீட்டி அன்றைக்குக் காலையிலேயே கடுத்துவிட்டது. கூட வந்த ரகுமத்து, பக்கத்து வீட்டுக்காரி, அவளும் பீடி சுற்றுகிறவள்தான், மிச்ச நோட்டீஸை முந்தானையில் முடிந்துகொண்டு, "மைனி, கொஞ்சம் உக்காருவோமா?" என்று கேட்ட நேரத்தில்தான் குளம் முக்கு திரும்பியது.

அது வெள்ளம் மாதிரிப் பாய்ந்து வரவில்லை. முழங்கால் ஆழத் தண்ணீர், தன் ஓரங்களைத் தானே கையில் பிடித்துக்கொண்டதுபோல, ஒரு சொட்டையும் சிந்தாமல், அல்லி இலைகளும் அயிரை மீன்களும் ஓரத்தில் நின்ற ஒரு மடையான் கொக்குமாக, மேட்டில் மூச்சு வாங்கியும் பள்ளத்தில் சற்று வேகம் பிடித்தும் வந்தது. குப்பை கொட்டுவதற்கு முந்தின நாள் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. அந்தக் குளத்தில் தவளை கத்தியதே இல்லை, அதனால்தான் அந்தப் பேர். வரும்போதும் அது சத்தமில்லாமல்தான் வந்தது. ரகுமத்து வீட்டுக் கதவு திறந்திருந்தது. வெகுதூரம் நடந்த உறவுக்காரர் வாசலில் ஒரு நிமிஷம் நிற்பதுபோல நின்றது, பிறகு உள்ளே போய்விட்டது.

"எங்க வீட்டுக்கா வருது?" என்றாள் ரகுமத்து.

"கதவத் தொறந்து போட்டிருந்தா வரத்தான் செய்யும்," என்றாள் உலகம்மாள். "போ, இலைக்கட்டத் தூக்கி மேல வை. நனைஞ்சிரப் போகுது."

குளம் அன்று முழுக்க ரகுமத்து வீட்டில் இருந்தது. கூடம், அடுப்படி, பின்கட்டு எல்லாம் முழங்கால் தண்ணீர். கட்டிலைச் செங்கல் வைத்து உயர்த்தினார்கள்; கேஸ் அடுப்பை மேஜைமேல் ஏற்றினார்கள்; கொக்கு பிரிட்ஜின் தலையில் நின்றுகொண்டு யாரையும் பொருட்படுத்தவில்லை. மறுநாள் பதினோரு மணிக்குக் குளம் எழுந்து வெளியே போனபோது தன் தண்ணீர் அத்தனையையும் எடுத்துக்கொண்டு போனது. தரை காய்ந்து கிடந்தது, பாய் காய்ந்து கிடந்தது, சுவரில் ஒரு ஈரக்கோடுகூட இல்லை. கொஞ்சம் சேற்று வாசனை மட்டும் சாயங்காலம் வரை இருந்தது. அடுத்த வீட்டுக்காரர்கள் அதற்குள் பாயைச் சுருட்டி, அரிசிமூட்டையைப் பரணில் ஏற்றி, வாசலைப் பெருக்கி வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வருவதை வராதே என்று சொல்லும் பழக்கம் பதினான்காவது வார்டில் அப்போது இல்லை.

முதல் பத்து நாள் அது ஒரு திருவிழா மாதிரித்தான் இருந்தது. வெளியூரில் கட்டிக்கொடுத்த பெண்கள், எங்கள் வீட்டு முறை என்றைக்கு வருகிறது என்று போன் போட்டுக் கேட்டு வந்தார்கள். யார் வீட்டுக்கு யார் வீட்டிலிருந்து அது போக வேண்டும் என்பதில் சண்டை வராமலிருக்க, குளம் படுக்க இடமுள்ள பன்னிரண்டு வீடுகளின் பேரை எழுதி, ரேஷன் கடைச் சுவரில் முறைத்தாள் ஒன்றை ஒட்டினார்கள். குளத்துக்குப் படிக்கத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை, ஆனால் அது அந்தத் தாளின்படியே போனது. குளம் இருக்கும் வீட்டில் சமைக்கச் சிரமம் என்பதால் முந்தின நாள் வீட்டுக்காரர்கள் சோறு கொடுத்தனுப்பினார்கள். பீடி சுற்றும் பெண்கள் குளம் தங்கும் நாளில் இலையும் தூளும் பரப்பிய முறத்தை, அந்தச் சொளகைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்தார்கள். வயதான ஒருவர் மட்டும், இதே குளத்தில்தான் தான் நீச்சல் பழகியதாகச் சொல்லி, தன் வீட்டுக் கூடத்தில் முழங்கால் தண்ணீரில் குப்புறப் படுத்துக் கையை வீசிப் பார்த்துவிட்டு, முட்டி சிராய்த்துக்கொண்டு எழுந்தார்.

பன்னிரண்டாம் நாள் தேர்தல் பறக்கும் படை ஜீப்பில் வந்தது. குளத்தைப் பற்றிப் பேசுகிற ஒரே வேட்பாளர் சீப்புச் சின்னத்துக்காரர் என்பதால், வீடு வீடாகக் குளம் போவது அவருக்கு வாக்குச் சேகரிப்பதாகக் கருதப்படும் என்று ஒருவர் புகார் கொடுத்திருந்தார். புகார் கொடுத்தவர் யார் என்பது எல்லாருக்கும் தெரியும். போன கவுன்சிலர் கோமதிநாயகம். இந்தத் தடவை வார்டு பெண்களுக்கு என்று ஆகிவிட்டதால் தன் மனைவி பிரேமாவை நிறுத்தியிருந்தார். போஸ்டரில் அவர் பெரிதாகவும் அந்த அம்மாள் ஓரத்தில் சின்னதாகவும் கும்பிட்டார்கள்.

அதிகாரி குளத்தை வீடியோ எடுத்தார். பிறகு உலகம்மாளிடம், "இது உங்க ஏற்பாடாம்மா?" என்று கேட்டார்.

"சார், எனக்கு நோட்டீஸ் குடுக்கவே ஆள் இல்ல. குளத்துக்கு எங்க போவேன்?"

"அப்போ தேர்தல் முடியற வரைக்கும் மூடி வைக்கணும். சிலையெல்லாம் மூடியிருக்கோம் பாத்தீங்களா, அந்த மாதிரி."

வெள்ளைத்துணி கொண்டுவந்து நாலு மூலையிலும் ஆள் பிடித்துக் குளத்தின்மேல் விரித்தார்கள். துணி நனைந்து அமிழ்ந்தது. கொக்கு அதன்மேல் ஏறி நின்றது. இரண்டாவது துணியும் அமிழ்ந்தபின் அதிகாரி, மூடப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

உலகம்மாள் வாசலுக்கு வாசல் ஒன்றையேதான் சொன்னாள். அவளுக்கு வேறொன்றும் சொல்லத் தெரியாது. "கெடங்குல குப்பை கொட்டுறத நிப்பாட்டணும். கொட்டுனத அள்ளணும். எரியுற பொகை நிக்கணும். குளம் அது எடத்துக்குப் போகணும்." முதல் தடவை நின்றபோதும் இதையேதான் சொன்னாள். அப்போது ஒவ்வொரு சொல்லையும் தேடித் தேடிச் சொன்னாள். இப்போது, கை பாட்டுக்குப் பீடி சுற்றுவதுபோல வாய் பாட்டுக்குச் சொன்னது.

கோமதிநாயகத்திடம் சொல்வதற்குப் புதிதாக ஒன்று இருந்தது. ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்து, ஒவ்வொரு தெருவிலும் நிறுத்தி, குரலைத் தழைத்து, வீட்டுக்காரர் மாதிரிப் பேசினார். "தாய்மார்களே, விருந்தாளி வரட்டும், வேண்டாங்கல. ஆனா நம்ம வசதியையும் பாக்கணும்லா? பிரேமா ஜெயிச்சு வந்ததும், வார்டுல ஒரு வீடு விடாம வாசல்படிய ரெண்டடி ஒசத்திக் கட்டித் தாரோம். கெடங்க மட்டம் பண்ணி, மேல மண்ணக் கொட்டி, ஒரு கல்யாண மண்டபம். நீங்களே யோசிச்சுப் பாருங்க."

பெண்கள் யோசித்துப் பார்த்தார்கள். ரெண்டடி உயரப் படியைக் குளம் ஏறாது என்று அவர்கள் கணக்குப் போடுவதை உலகம்மாள் அவர்கள் கண்களிலேயே பார்த்தாள். முறைத்தாள் இரண்டாவது சுற்று ஆரம்பித்திருந்தது. முதல் சுற்றில் வாசல் பெருக்கிக் காத்திருந்தவர்கள் இரண்டாவது சுற்றில், "அதுக்குள்ள நம்ம முறை வந்துட்டா?" என்று கேட்டார்கள். கட்டிலுக்கு வைத்த செங்கல்லை இறக்குவதா, திரும்ப ஏற்றுவதற்கு அப்படியே விடுவதா என்று புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சு வந்தது. ஒரு நாள் பீடி குறைந்தால் பீடிக் கடைக்காரன் முகம் மாறுகிறது. சோறு கொடுத்தனுப்புவது வெறும் சாம்பாராகிப் பிறகு நின்றது. யாரும் குளத்தைத் திட்டவில்லை. பழகிய விருந்தாளிக்கு முன்னால் கொட்டாவி விடுவது மாதிரி, அதன் முன்னால் பெருமூச்சு விட்டார்கள், அவ்வளவுதான்.

உலகம்மாள் வீட்டில் ஏற்கெனவே ஒரு கட்டில் செங்கல்மேல்தான் இருந்தது. அவள் புருஷன் சங்கரபாண்டி, மினி பஸ்ஸில் இருபத்தாறு வருஷம் கண்டக்டராக நின்றவர், மூன்று வருஷமாகப் படுத்துக்கொண்டால் மூச்சு முட்டும் என்று தலைமாட்டை உயர்த்திச் சாய்ந்தே இருந்தார். கிடங்கில் குப்பை எரியும் நாளில் இருமல் அதிகம். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "வீட்ல பீடி சுத்தறது யாரு?" என்று கேட்டது உலகம்மாள் மனசில் முள்ளாகக் கிடந்தது. புகையிலைத் தூளா, குப்பைப் புகையா என்று டாக்டர் திட்டமாகச் சொல்லவில்லை. இரண்டுமாகவும் இருக்கலாம் என்றார். அதற்குப் பிறகு அவள் தெருவில் நின்று புகை, புகை என்று பேசும்போதெல்லாம், தன்மேல் இருக்கிற பழியைக் கிடங்கின்மேல் தள்ளுகிறோமோ என்று ஒரு குரல் உள்ளே கேட்டுக்கொண்டே இருந்தது.

அதை ஒரு நாள் அவரிடமே சொன்னாள். அவர் இருமி முடித்து, "ரெண்டுல ஒண்ண நிறுத்த ஒனக்கு வழி இல்ல, அதுல சோறு இருக்கு," என்றார். "இன்னொண்ண நிறுத்தப் பாக்க. அதுல என்ன தப்பு? போ, ஓட்டுக் கேளு."

பிரச்சாரம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது குளம் வெயிலில் நின்றது.

முறைப்படி அன்றைக்கு அது கடைசித் தெருவில் ஒரு மாடி வீட்டுக்குப் போக வேண்டும். பதினோரு மணிக்குப் போயிற்று. கதவு சாத்தியிருந்தது. உள்ளே டிவி சத்தம் கேட்டது. குளம் வாசலில் காத்திருந்தது. பிறகு அடுத்த வீட்டுக்குப் போயிற்று; அதுவும் சாத்தியிருந்தது. அதற்கடுத்ததும் அப்படித்தான். யாரும் பூட்டவில்லை, போ என்றும் சொல்லவில்லை, தெருவே மத்தியானத் தூக்கம் தூங்குவதுபோல இருந்தது. பிரேமாவுக்கு ஓட்டுக் கேட்டுப் போன ஆட்டோ, குளத்தைச் சுற்றிக்கொண்டு போயிற்று. பங்குனி வெயிலில் தார் ரோட்டில் நின்ற தண்ணீர் சூடேறி, ஓரத்து அயிரைகள் எல்லாம் நடுவுக்குப் போய்க் கும்பலாக நின்றன. அல்லி இலைகளின் விளிம்பு சுருள ஆரம்பித்தது.

உலகம்மாள் அந்தத் தெருவுக்கு நோட்டீஸோடு வந்தவள், கதவு கதவாகப் பார்த்தாள். இதே கதவுகளைத்தான் இரண்டு தேர்தலாக அவளும் பார்த்திருக்கிறாள். ஒரு வீட்டைத் தட்டி, "கொஞ்சம் தொறங்க, அது வெயில்ல நிக்கி," என்று சொல்ல வாயெடுத்தாள். நாலு நாளில் ஓட்டுப் போடப் போகிற வீடு என்பது ஞாபகம் வந்தது. அப்படி ஞாபகம் வந்ததற்காக அவளுக்குத் தன்மேலேயே ஒரு சலிப்பு வந்தது. நோட்டீஸை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு குளத்திடம், "வா. எங்க வீட்டுக்குப் போவோம்," என்றாள்.

அது அவள் பின்னால் வந்தது. சங்கரபாண்டி கட்டிலில் சாய்ந்தபடி வாசலைப் பார்த்து, "முறை இன்னைக்கு நமக்கா?" என்றார்.

"இல்ல. யாரும் தொறக்கல."

"வரச் சொல்லு. நான் எங்க போகப்போறேன்?"

அன்றைக்கும் மறுநாளும் உலகம்மாள் ஓட்டுக் கேட்கப் போகவில்லை. குளம் நன்றாக ஆறட்டும் என்று சன்னலுக்கு ஈரச்சேலை கட்டினாள், சுருண்ட இலைகளைத் தண்ணீருக்குள் அமுக்கிவிட்டாள், பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் தொங்கப்போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் சும்மா இருந்தாள். கடைசியாகச் சும்மா இருந்தது எப்போது என்று யோசித்தாள், ஞாபகம் வரவில்லை. சங்கரபாண்டியின் இருமல் குறையவில்லை. ஆனால் இருமி முடித்துக் கண்ணைத் திறக்கும்போது பார்ப்பதற்கு ஒன்று இருந்தது. மூன்று வருஷமாக அவர் சுவரைத்தான் பார்த்திருந்தார்.

ஓட்டு எண்ணிய அன்று உலகம்மாள் பத்தொன்பது ஓட்டில் ஜெயித்தாள்.

அவளுக்கு அது விளங்கவே இல்லை. பூமாலை போட வந்தவர்கள் வாசலோடு நின்று போட்டார்கள். ஒருவரும் உள்ளே காலை வைக்கவில்லை. கழுத்தை நீட்டிக் குளம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்கள். ரேஷன் கடைச் சுவரில் முறைத்தாளைக் கிழித்துவிட்டார்கள் என்று ரகுமத்து வந்து சொன்னாள். பிறகு மாடி வீட்டுக்காரி, அன்றைக்குக் கதவைச் சாத்தியிருந்தவள், லட்டோடு வந்து உலகம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு மனசு விட்டுச் சொன்னாள்: "அக்கா, கோபிச்சுக்கிடக் கூடாது. அவுக படி கட்டித் தாரோம்னாவ. படி கட்டி முடிக்க ரெண்டு வருஷம் ஆகும். நீங்க ஜெயிச்சா அது ஒங்க வீட்டுலயே இருந்துக்கிடும்லா. கவுன்சிலர் வீடுன்னா அதுக்கும் ஒரு மரியாதைதான?"

உலகம்மாள் லட்டை வாங்கிக்கொண்டாள். சங்கரபாண்டி உள்ளேயிருந்து சிரித்து, சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

அதற்குப் பிறகு குளம் அவள் வீட்டில்தான் இருந்தது. பதினோரு மணிக்கு எழும். வாசல் வரை வரும். எந்தப் பக்கமும் கதவு திறந்திருக்காது. திரும்ப வந்து படுத்துக்கொள்ளும். உலகம்மாள் ரகுமத்து வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டு, இடையிடையே ஓடிவந்து புருஷனுக்குக் கஞ்சி கொடுத்தாள். மாதாமாதம் நல்ல சேலை கட்டிக்கொண்டு நகர்மன்றக் கூட்டத்துக்குப் போனாள். கிடங்கில் குப்பை கொட்டுவதை நிறுத்தி, இருப்பதை அகற்றி, ஊமைக்குளத்தை மீட்பது என்று ரகுமத்தின் மகள் எழுதிக்கொடுத்த தீர்மானத்தைக் கொடுத்தாள். முதல் கூட்டத்தில் நேரமில்லை என்று ஒத்திவைத்தார்கள். இரண்டாவது கூட்டத்தில் குப்பையை வேறெங்கே கொட்டுவது என்று கேட்டார்கள்; அவள் பதில் சொன்னாள்; ஒத்திவைத்தார்கள். மூன்றாவது கூட்டத்தில் நகர்மன்றத் தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, நல்ல மனிதர்தான், கனிவாகத்தான் கேட்டார்:

"குளம் இப்போ ஒங்க வீட்டுல நல்லாத்தானம்மா இருக்கு?"

"இருக்கு சார்."

"யாருக்கும் தொந்தரவு இல்லையே?"

"இல்ல சார்."

"பெறகு என்னம்மா அவசரம்?"

வீட்டுக்கு நடந்து வருகிற வழியில் அந்தக் கேள்வி அவளோடேயே வந்தது. கிடங்கின் பக்கம் புகை எழுந்துகொண்டிருந்தது, லாரிகள் வழக்கம்போலக் கொட்டிக்கொண்டிருந்தன, அவளுக்கு ஓட்டுப் போட்டவர்கள் வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தபடி, "கூட்டம் முடிஞ்சுட்டாக்கா?" என்று அன்பாகக் கேட்டார்கள். எல்லாரும் நன்றாக இருந்தார்கள். தான் கதவைத் திறந்ததுதான் அவர்களுக்கு வசதியாகப் போயிற்று என்பது ரேஷன் கடை முக்கு திரும்பும்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

வீட்டில் சங்கரபாண்டி குளத்துக்குப் பொரி போட்டுக்கொண்டிருந்தார். மூன்று மாதத்தில் அயிரைகள் அவர் கைக்குப் பழகியிருந்தன. உலகம்மாள் வாசலிலேயே நின்று சொன்னாள்: "நாளைக்கு இத வெளிய அனுப்பணும்."

அவர் பொரிக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டார். "எங்க?"

"ஆபீஸுக்கு. முனிசிபாலிட்டிக்கு. நம்ம வீட்டுல இருக்க வரைக்கும் ஒருத்தனும் கெடங்கத் தொட மாட்டான்."

"வந்து தங்குனத யாராவது வெளிய போன்னு சொல்லுவாவளா, உலகு?"

"கதவச் சாத்துனவ எல்லாருக்கும் நல்ல பேரு. நான் சொன்னா எனக்குக் கெட்ட பேருதான். சரி, கெடக்கட்டு."

"பேரப் பத்தி நான் சொல்லல," என்றார் சங்கரபாண்டி. பிறகு மிச்சப் பொரியை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அடுப்படிக்குப் போய், பாத்திரம் கழுவுகிற சாக்கில் திரும்பி நின்றாள். அந்த மனுஷனிடமிருந்து தான் எதைப் பிடுங்குகிறோம் என்று அவளுக்குத் தெரியாமலில்லை. கடைசியில் அவர்தான் கூப்பிட்டார். "நாளைக்குப் பதினோரு மணிக்குத்தான? அதுவரைக்கும் இருக்கட்டும். எனக்குக் காலத் தொங்கப்போடணும், ஒரு கை பிடி."

மறுநாள் பதினோரு மணிக்குக் குளம் எழுந்தபோது உலகம்மாள் முன்னால் நடந்தாள். மேலத்தெரு முழுக்கக் கதவுகள் சாத்திக்கொண்டன. குளம் தங்கள் வீட்டுக்குத்தான் திரும்பி வருகிறது என்று நினைத்துவிட்டார்கள். அது கதவுகளைப் பார்க்காமல் அவள் பின்னாலேயே போவதைச் சன்னல் வழியாகக் கண்டபிறகு ஒவ்வொன்றாகத் திறந்தன. ரகுமத்து மட்டும் ஓடிவந்து பின்பக்கம் நடந்தாள், சின்ன அயிரைகள் பின்தங்கிப் போகாமல் பார்த்துக்கொண்டு. பஜாரில் கடைக்காரர்கள் வெளியே வைத்திருந்த சாக்குகளை உள்ளே இழுத்து வழிவிட்டார்கள். நகராட்சி அலுவலகத்தின் படி நாலுதான், உயரமில்லாதது. குளம் ஏறி, வரி கட்டும் சன்னலைத் தாண்டி, பிறப்பு இறப்புப் பதிவு மேஜையைத் தாண்டி, கூட்ட அரங்கம், ஆணையர் அறை எல்லாவற்றிலும் முழங்கால் அளவுக்குப் பரவிப் படுத்தது. உலகம்மாள் படியில் உட்கார்ந்துகொண்டாள்.

அலுவலகமும் பழகிக்கொண்டது. கீழ்த்தட்டுக் கோப்புகளை மேல்தட்டுக்கு ஏற்றினார்கள். குமாஸ்தாக்கள் செருப்பை வெளியே விட்டு, கால்சட்டையை மடித்துவிட்டு, காலைத் தண்ணீரில் வைத்தபடியே வேலை பார்த்தார்கள். சிலருக்கு அது பிடித்தும் இருந்தது. கொக்கு ஆணையரின் நாற்காலி முதுகில் நின்றது. தினம் காலையில் உலகம்மாள் சொளகும் இலையுமாக வந்து படியில் உட்கார்ந்து பீடி சுற்றினாள், சாயங்காலம் போனாள். எவரையும் ஒன்றும் கேட்கவில்லை. ஊரில் அவளை விருந்தாளியைத் துரத்தினவள் என்று பேசினார்கள். கோமதிநாயகம் ஒருமுறை வரி கட்ட வந்தவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கும்போது, "ஓட்டுப் போட்ட ஜனத்துக்கு நீங்க செஞ்சது நல்லா இல்லம்மா," என்றார். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு அடுத்த இலையை எடுத்தாள்.

நாற்பதாம் நாளுக்குமேல் ஆணையர், இளவயதுக்காரர், இரண்டு காலிலும் தோல் ஊறி வெளுத்தவராக, வெளியே வந்து அவளுக்குப் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்தார்.

"இத எப்போம்மா கூட்டிட்டுப் போவீங்க?"

"எங்க சார் கூட்டிட்டுப் போக? அதுக்குன்னு ஒரு எடம் இருக்கு. அங்க ஒங்க லாரி நிக்கி."

அவர் தலையைக் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் களைப்பாக இருந்தது. அந்த வாரம் கிடங்குக்கு லாரி வருவது நின்றது. அடுத்த மாதம் தீர்மானம் விவாதமில்லாமல் நிறைவேறியது; எல்லாக் கவுன்சிலர்களும் முழங்கால் தண்ணீரில் நின்றபடியே கை தூக்கினார்கள்.

முப்பது வருஷத்துக் குப்பையை அள்ளுவது, கொட்டுவது மாதிரி அல்ல. இரண்டு மண் அள்ளும் எந்திரம், ஒரு சலிக்கிற எந்திரம். பிளாஸ்டிக் வேறு, மண் வேறு, கண்ணாடி வேறு என்று பிரித்துப் பிரித்து ஒவ்வொரு அடுக்காக இறங்கினார்கள். தீ அணைந்துவிட்டது என்று நினைத்த இடத்தில் உள்ளே கங்கு இருந்தது. மழை வந்து ஒரு மாதம் நின்றது. எந்திரம் பழுதாகி ஒரு மாதம் நின்றது. புகை குறைந்தது, முழுக்க நிற்கவில்லை. சங்கரபாண்டி சுவரைப் பார்த்து இருமினார். உலகம்மாள் காலையில் கிடங்குக்கும் பிறகு ஆபீஸ் படிக்கட்டுக்கும் போய்வந்தாள். அவள் கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது என்று ரகுமத்து சொன்னாள்.

எட்டு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை, கிடங்கின் கீழ்மூலையில், ஒரு சின்ன வீட்டுக் கூடம் அளவுக்கு, எந்திரம் கறுப்புக் களிமண்ணைத் தொட்டது. குளத்தின் தரை. டிரைவர் எந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தார். உலகம்மாள் சேலையைச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கி, களிமண்ணைக் கையில் எடுத்து உருட்டினாள். பிளாஸ்டிக் நூல் ஒன்று வந்தது. அதை உருவிப் போட்டாள். பிறகு ஏறி, ஆபீஸுக்குப் போய், கூட்ட அரங்கின் கதவில் நின்று, "ஒரு மூலை ஆயிட்டு," என்றாள்.

குளம் எழுந்து வந்தது. வழக்கம்போல நிதானமாக வந்தது, ஓடவில்லை. தெருவில் நிறையப் பேர் கூட நடந்தார்கள். மாடி வீட்டுக்காரியும் இருந்தாள். கீழ்மூலைக் குழியின் ஓரத்தில் அது கொஞ்ச நேரம் நின்று, பிறகு இறங்கியது. நாலில் ஒரு பங்கு இறங்கியதும் குழி நிரம்பிவிட்டது. அல்லியில் பாதி, அயிரைக் குஞ்சுகள், கொக்கு. மிச்சக் குளம் வெளியே, குப்பை மேட்டின் நிழலில், நின்றது.

"இவ்வளவுதானா?" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"இவ்வளவுதான். மிச்சத்தையும் தோண்டணும்," என்றாள் உலகம்மாள். "எப்படியும் மூணு வருஷம் ஆகும்."

கூட்டம் கலைந்தது. டிரைவர் எந்திரத்தை மறுபடி ஓட்டினார். இறங்கிய குளம் களிமண்ணோடு ஒட்டிக்கொண்டு, தன் உடம்பின் மிச்சத்தைப் பார்க்காமல், அசையாமல் கிடந்தது. தூங்கிவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது. வெளியே நின்ற குளம் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, யாரும் சொல்லாமலே, வந்த வழியாக ஆபீஸை நோக்கித் திரும்பியது. மெயின் ரோட்டைக் கடக்கும் இடத்தில் பஸ்கள் வேகமாக வரும். உலகம்மாள் முன்னால் ஓடி, ரோட்டின் நடுவில் நின்று, தென்பக்கமிருந்து வந்த பஸ்ஸுக்குக் கையைத் தூக்கினாள். பஸ் நின்றது. குளம் கடந்து முடிக்கும்வரை அவள் கையை இறக்கவில்லை.